மனநலப் பணியாளருக்கு மானியம்: பயிற்சியோடு முடிந்துவிடலாமா?

நம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளில் அங்கத்தினர்களுடைய கஷ்டங்கள் பலவற்றுக்கும் இடம் உண்டு. மழை பொய்த்தால் பயிர்ச் சேதம் என்று எழுதுகிறோம். நூல் விலை ஏறினால் நெசவுக் கூலிக் கணக்கில் அது தெரிகிறது. மிளகு விலை இறங்கினால் விற்பனைக் கணக்கு அதைச் சொல்லிவிடும். ஆனால் மனம் சோர்ந்து தறிக் குழியில் இறங்க இயலாதவருக்கும், பல நாள் உறக்கம் இழந்து காட்டு வேலைக்குப் போகாமல் திண்ணையிலேயே கிடப்பவருக்கும் நம் பேரேட்டில் பத்தி ஏதும் இல்லை. அவர்களுடைய பெயர் தவணை தவறியோர் ஜாபிதாவில் மட்டுமே வருகிறது. ஏன் தவறினார் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் "சோம்பேறி" என்றோ "கிறுக்கு" என்றோ ஒரே சொல்லில் பதில் வந்துவிடுகிறது.

ஊரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மனநல உதவிப் பணியாளராகப் பயிற்றுவிப்பதற்கு அறக்கட்டளைகளும் ஆராய்ச்சி நிதிகளும் அரசாங்கமும் மானியம் வழங்கும் முறை இன்று பல இடங்களில் நடைமுறையில் உள்ளது. அத்தகைய மானியம் கொல்லிமலை போன்றதோர் இடத்துக்கு வருமாயின் அதனை எதற்குச் செலவிட வேண்டும்? கூட்டுறவுச் சங்கம் அதில் எந்த அளவு பங்கு கொள்ளலாம்? எதில் தலையிடலாகாது? இவை பற்றி நம் அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மருத்துவமும்

கொல்லிமலையின் நிலைமையை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய மலை அது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து, காடுகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் ஊர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் இன்று மரவள்ளி பரவியிருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. சந்தையும் ஆஸ்பத்திரியும் வேண்டுமானால் செம்மேட்டுக்கு வர வேண்டும். மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமானாலோ, பெரும்பாலும் மலையிறங்கி நாமக்கல்லுக்கே போக வேண்டும்.

மனநோயாளி ஒருவர் அவ்வளவு தூரம் தனியே சென்று வருதல் இயலாது. துணைக்கு ஒருவர் வேண்டும். ஆகவே இருவருடைய அன்றாடக் கூலி போகிறது. இருவருக்குப் பஸ் கட்டணம் ஆகிறது. மேலும் இந்நோய்களுக்கு ஒரு தடவை மருந்து வாங்கினால் போதாது. மாதந்தோறும் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். முதல் மாதம் போகிறார்கள். இரண்டாம் மாதமும் போகிறார்கள். மூன்றாம் மாதம் மழையோ அறுவடையோ குறுக்கிடுகிறது. மருந்து நிற்கிறது, நோய் திரும்புகிறது. "டாக்டர் மருந்து கேட்கவில்லை" என்ற பேச்சு ஊரெங்கும் பரவிவிடுகிறது. உண்மையில் தோற்றது மருந்தன்று, வழிதான்.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய குறை அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாகக் கண்டறியப்பட்டது. உரிய சிகிச்சை கிட்டாதோர் தொகை நோய்க்கு நோய் வேறுபட்டு 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லாத நிலையில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அரசாங்கம் வாளாவிருந்துவிட்டது என்று கூறுவது நியாயமாகாது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வகுக்கப்பட்டது. அதன் அங்கமாகிய மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் அண்டை மாவட்டமாகிய திருச்சியும் ஒன்று. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஆயினும் ஒரு மாவட்டத்துக்கு உள்ள ஒருசில டாக்டர்கள் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் நடந்து வர முடியுமா? டாக்டருக்கும் திண்ணைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க வேறொருவர் வேண்டும். அவரே நாம் கூறும் பணியாளர்.

செய்து பார்த்த சான்றுகள்

டாக்டர் படிப்புப் படிக்காத ஒருவர் இத்துறையில் என்ன செய்துவிட முடியும் என்ற ஐயம் எழுதல் இயல்பே. அதற்குச் சோதனையின் மூலம் விடை கண்டிருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமும், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களின் நிறுவனங்களும் சேர்ந்து, மனச்சிதைவு நோயுற்ற 282 பேரிடையே ஒரு பரிசோதனை நடத்தின. 95 பேருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. 187 பேருக்கு அச்சிகிச்சையோடு, உள்ளூரில் பயிற்றுவிக்கப்பட்ட பணியாளர் வீடு தேடிச் சென்று உதவினார். நோயின் தன்மையைக் குடும்பத்தாருக்கு விளக்குதல், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளச் செய்தல், குளித்தல், உண்ணுதல், வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்குதல், அரசாங்க உதவிகளைப் பெற்றுத் தருதல் இவையே அப்பணியாளரின் வேலைகள். 2014-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, ஓராண்டு கழித்துப் பணியாளர் உதவி பெற்றவர்களுக்கு நோய்க்குறிகளும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை, முன்னேற்றம் ஓரளவே. ஆனால் மருத்துவ வசதி அருகிய நாட்டுப்புறங்களில்தான் இம்முறையை முதலில் தொடங்குதல் பொருத்தம் என்று அவ்வாராய்ச்சியாளர்கள் கூறிய முடிவு நமக்கு முக்கியமானது. இப்பரிசோதனைக்குப் பொருளுதவி செய்தது இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை.

கடல் கடந்த ஓர் உதாரணமும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மனநல டாக்டர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் கட்டணம் இல்லாமையால் வர இயலாமற்போய், 2005-இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தத் துயரத்துக்குப் பின் அவர் ஹராரே நகரில் மருத்துவ நிலையங்களின் அருகே மர பெஞ்சுகளை இட்டு, பேரன் பேத்தி எடுத்த மூதாட்டிகளைப் பயிற்றுவித்து, வருவோரின் மனக்குறையை முறையோடு கேட்கச் செய்தார். 573 பேரிடையே நடந்த பரிசோதனை அதன் பயனை உறுதி செய்து 2016-இல் வெளியாயிற்று. அந்நாட்டு மக்கள் தம் நோய்க்கு இட்டிருக்கும் பெயருக்கு "அளவுக்கு மீறி யோசித்தல்" என்பது பொருள். நம்மூரிலும் "அவருக்கு யோசனை ஜாஸ்தி" என்று சொல்வது வழக்கமல்லவா? ஊரின் சொல் ஊராருக்கே தெரியும். பஸ் கட்டணத்தின் பாரமும் ஊராருக்கே தெரியும்.

மலைவாழ் மக்களிடையே இது சாத்தியமா என்று கேட்போர் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் 1990-களின் தொடக்கத்தில் அங்கே சென்று தங்கி, கொல்லிமலையில் உள்ளோரைப் போன்றே மலையாளி இனத்தைச் சேர்ந்த பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். அது முதலில் பிரசவத்துக்கும் குழந்தை நலத்துக்கும் செய்த ஏற்பாடு. பிற்பாடு அங்கே இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழில் அமைப்பும் தோன்றின. உடல் நலப் பணியும் தொழில் அமைப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டியதில்லை. போரினால் நலிந்த யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரமும் அவரைச் சார்ந்தோரும் ஊர்மட்டப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் தமிழிலேயே பயிற்றுவித்திருக்கின்றனர். ஆகவே இதற்குரிய மொழி நம்மிடம் இல்லை என்ற சாக்கும் செல்லாது.

மானியம் எங்கே நின்றுவிடுகிறது?

இனி மானியத்துக்கு வருவோம். மானியக் கணக்குகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். பயிற்சிக்கென்று வரும் தொகை மண்டப வாடகை, பயிற்சியாளர் மதிப்பூதியம், கையேட்டு அச்சுக்கூலி, சாப்பாடு, தொடக்க விழா, நிறைவு விழா, சான்றிதழ் என்ற தலைப்புகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு உபயோகச் சான்றிதழ் தயாராகி மேலிடத்துக்குப் போகும். "இத்தனை பேர் பயிற்சி பெற்றனர்" என்ற வரியோடு கோப்பு மூடப்படும். கோப்பு மூடப்படுகிற அந்த நாளில்தான் பணியாளரின் உண்மையான வேலை தொடங்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் அவர் அடுத்த ஊருக்குப் போகப் பஸ் கட்டணம் தருபவர் யார்? நோயாளி மருந்தை வீசி எறிந்தால் அவர் யாரிடம் யோசனை கேட்பது? தம் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பிறர் வீட்டுக் கஷ்டத்தை எத்தனை மாதம் அவர் இலவசமாகச் சுமப்பார்?

மிளகுக் கொடி நட்டு மூன்றாம் ஆண்டுக்குப் பின்னரே காய்ப்புக்கு வரும் என்பது மலை விவசாயிக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டில் தாங்கு மரத்தை வெட்டிவிட்டுக் கொடியைக் குறை கூறுவார் எவரும் இல்லர். நெசவாளருக்குத் தறியைக் கொடுத்துவிட்டுப் பாவும் ஊடையும் கொடுக்காத சங்கம் எங்கும் இல்லை. மனநலப் பயிற்சி மானியங்களில் மட்டும் நாம் இதனை ஏற்றுக்கொள்வானேன்?

ஆகவே நம் கருத்து இதுதான்: பயிற்சிக்கு மட்டும் வரும் மானியத்தைச் சங்கமோ ஊரோ அப்படியே பெற்றுக்கொள்ளலாகாது. பயிற்சிக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் பணிக்கும் அதில் இடம் உண்டா என்று கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். 100 ரூபாய் மானியத்தில் 30 ரூபாய்க்கு மேல் பயிற்சி நாட்களுக்கே செலவாகும் என்று திட்டம் சொன்னால், அதனைத் திருத்தி எழுதுமாறு வேண்டுவதில் தவறில்லை. கொடுப்பவர் முகம் கோணும் என்று அஞ்ச வேண்டாம். உண்மையில் பயனை நாடுவோர் இக்கேள்வியை வரவேற்கவே செய்வர்.

கேட்க வேண்டியவை ஐந்து

முதலாவது, பணியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? கீழ்நாட்டிலிருந்து ஒருவரை அனுப்பினால் அவர் ஆறு மாதத்தில் மாற்றல் கேட்பார். அந்தந்த நாட்டைச் சேர்ந்த, முடிந்தவரை பெண் ஒருவரை, ஊர்க்கவுண்டரும் மகளிர் குழுக்களும் அறிய ஊரே தேர்ந்தெடுத்தல் வேண்டும். படிப்புச் சான்றைக் காட்டிலும், சொன்னதை வெளியே சொல்லாத குணமே முதல் தகுதி.

இரண்டாவது, மாதச் சம்பளமும் பயணப்படியும் எத்தனை காலத்துக்கு? சேவை என்ற பெயரால் ஏழைப் பெண் ஒருத்தியின் உழைப்பை இலவசமாகப் பெறுவது கூட்டுறவுக் கொள்கைக்கு முரணானது.

மூன்றாவது, மேற்பார்வை யாருடையது? ஸ்கார்ஃப் பரிசோதனையில் பணியாளர் தனித்து விடப்படவில்லை; சமூகப் பணியாளரும் மனநல டாக்டரும் பின்னால் நின்றனர். நாமக்கல்லில் உள்ள மாவட்ட மனநலக் குழுவினர் மாதம் ஒரு முறையேனும் மலையேறி வந்து, பணியாளரோடு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெற்ற பிறகே பயிற்சிக்கு நாள் குறிக்கலாம்.

நான்காவது, மருந்து எங்கே கிடைக்கும்? 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. டாக்டர் ஒரு முறை எழுதிக் கொடுத்த மனநோய் மருந்தும் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் கிடைக்கச் செய்தல் இயலாத காரியமன்று. மருந்தில்லாத இடத்தில் பணியாளரை நிறுத்துவது அவரை ஊர் முன் அவமானப்படுத்துவதாகும்.

ஐந்தாவது, இரகசியத்தைக் காப்பது யார்? இக்கேள்வி நம் சங்கங்களையே நோக்கியது. ஆதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் பங்கும் எல்லையும்

மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற ஸ்தாபனங்கள். அவற்றுக்குக் கட்டடம் உண்டு, கணக்கு உண்டு, தணிக்கை உண்டு, அங்கத்தினர் கூடும் பொதுக்குழு உண்டு. மானியம் முடிந்த பிறகும் நிலைத்து நிற்கக்கூடியவை அவையே. எனவே மானியத்தை வாங்கித் தனிக் கணக்கில் வைத்து, பணியாளருக்கு மாதந்தோறும் ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பதற்குச் சங்கம் தகுந்த இடம். சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் அளவில், லாபத்தில் ஒதுக்கும் பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் இதற்குத் தீர்மானிக்கலாம். சங்கத்தின் பங்கு சிறிதாயினும், அது வெளியார் தரும் மானியத்துக்கு நம் சொந்தப் பிடிமானம்.

ஆனால் ஓர் எல்லையை இப்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். கடன் வசூலிப்பவரும் மனக்குறை கேட்பவரும் ஒருவராக இருக்கவே கூடாது. பணியாளரின் குறிப்பேடு சங்க அலுவலகத்தில் இருக்கலாகாது. அது சுகாதார நிலையத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். இன்னாருக்கு மனநோய் என்ற செய்தி நிர்வாகக் குழுவின் காதில் விழுந்து, அடுத்த பயிர்க்கடன் விண்ணப்பத்தில் அது மறைமுகமாக விளையாடுமானால், அன்றோடு ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். சங்கம் கேட்க வேண்டியது எத்தனை வீடுகளுக்குச் சென்றார், எத்தனை பேர் மருந்தைத் தொடர்கின்றனர் என்ற தொகையை மட்டுமே. பெயர்கள் நமக்கு வேண்டாம்.

மற்றொரு காரியம் சங்கத்தால் மட்டுமே செய்யக்கூடியது. பூச்சிமருந்தை விற்பவர்கள் நாமே. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பைச் சார்ந்தோர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுப் பாதுகாப்புப் பெட்டகங்கள் அமைத்துப் பார்த்தனர். விவசாயிகள் அவற்றை ஏற்றுப் பயன்படுத்தினர் என்றும், தற்கொலைகளைக் குறைக்க அது உதவக்கூடும் என்றும் 2013-இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. அது சிறிய ஆய்வுதான். எனினும் ஆத்திரத்தில் ஒருவர் கை நீட்டும் கணத்தில் புட்டி வீட்டில் இல்லாமலிருப்பதே ஓர் உயிரைக் காக்கப் போதுமானதாகலாம். சங்கத்தின் கிடங்கில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்க மானியம்கூட வேண்டியதில்லை.

ஆட்சேபங்கள்

"இது சங்கத்தின் வேலையா?" என்று சிலர் கேட்கக்கூடும். உரமும் நூலும் கொடுப்பது எதற்காக? உழைப்பவர் வாழ்வதற்காக. உழைப்பவரே வீழ்ந்து கிடக்கும்போது உரக் கணக்கு மட்டும் சரியாக இருந்து யாருக்கு லாபம்? இதனால் கடன் பாக்கி முழுதும் வசூலாகிவிடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. அந்த எண்ணத்தோடு இதில் இறங்கவும் கூடாது.

"அரைகுறைப் பயிற்சி ஆபத்தல்லவா?" என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் பணியாளர் தாமாக மருந்து கொடுக்கலாகாது, நோய்க்குப் பெயர் சூட்டலாகாது, தம் சக்திக்கு மீறியதை உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகளும் மேற்பார்வையும் இன்றியமையாதவை ஆகின்றன.

"கோயிலும் பூசாரியும் இருக்கும்போது இது எதற்கு?" என்பாரும் உளர். நம்பிக்கையை நாம் இகழவில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். ஆனால் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் நேர்ந்ததை மறத்தல் தகாது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகை தீப்பற்றியபோது ஓட வழியின்றி எரிந்தனர். 28 உயிர்கள் போயின. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறவே தடுக்கிறது. மனநோயால் இயலாமை உற்றோருக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பூசாரியையும் பணியாளரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்திப் பேசவைப்பதே நல்ல வழி. யாரிடம் முதலில் வந்தாலும், டாக்டரிடம் போகும் வழி அடைபடலாகாது.

இவையெல்லாம் கைகூடும் வரை ஒரு வசதியையேனும் அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சங்க அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் பூச்சிமருந்து விற்கும் இடத்திலும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அலைபேசி எட்டாத ஊர்கள் மலையில் உண்டு என்பதை நாம் அறிவோம். அதனாலேயே நேரில் வரும் ஒரு மனிதருக்காக இவ்வளவும் வாதாடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம். மேற்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் விடையில்லாத எந்தப் பயிற்சி மானியத்துக்கும் சங்கம் கையெழுத்திடாது என்பது ஒன்று. பொதுநல நிதியில் ஒரு தொகையைப் பணியாளரின் பயணப்படிக்கு ஒதுக்குவது இரண்டு. பணியாளரின் குறிப்பேட்டை நிர்வாகஸ்தர் எவரும் கேட்கலாகாது என்பது மூன்று. முதல் இரண்டும் நிறைவேறி மூன்றாவது மட்டும் தோற்குமாயின், அந்தச் சங்கம் இக்காரியத்தில் இறங்காமலிருப்பதே நல்லது.